ஒழுகுகிற எஞ்சின்

எந்தப் படகிலும் பின்பக்கத்துப் பலகையில் நான் இதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை, இத்தனை வருசம் கடலுக்குப் போயும். பின்பக்கம் என்றால் அது எங்களைக் கூட்டிப்போகிற படகுக்காரன் அருளப்பனுடைய இடம், அவனும் அவனுடைய டீசல் எஞ்சினும் பீடிப் புகையும். கடல்பாசி எடுக்கப் போகிற பொம்பளைகளெல்லாம் முன்னால் அணியத்துப் பக்கம், சாக்கோடு சாக்காக, மூஞ்சியில் அலை அடிக்க. இன்றைக்கு அணியம் காலியாகக் கிடக்கிறது, நான் பின்னால் மகாராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மகாராணியின் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். வள்ளம் ஒழுகுகிறது. தெரிந்துதான் ஐந்து பொம்பளைகள் சேர்ந்து வாங்கினோம், ஒழுகாத வள்ளத்தை எவன் விற்பான். எஞ்சினும் ஒழுகுகிறது, அதுதான் தெரியாமல் வாங்கியது. காலையில் முதல் தடவை கயிற்றை இழுத்து உயிர் வந்ததும் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ஓட்டையிலிருந்து சர்ரென்று தண்ணீர் பீச்சியடித்ததே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எதை முதலில் அடைப்பது? வள்ளத்தையா, எஞ்சினையா, அல்லது கரையில் கேலி பேசுகிறவர்கள் வாயையா. "நம்புத்தாய் மதினி, என்ன யோசனை? எஞ்சினோட பேசிக்கிட்டு இருக்கீகளா?" என்று கித்தேரி முன்பக்கத்திலிருந்து கேட்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வள்ளத்து வயிற்றில் ஒட்டியிருக்கிற கொட்டலசுச் சிப்பியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள், கர்க் கர்க் என்று, அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்கிறது. பேசினால் பதில் சொல்லுமா என்றுதான் பார்க்கிறேன் என்றேன். சிரித்தாள். சிரிக்கிற வயசு, முப்பதுகூட ஆகவில்லை. எனக்கும் சிரிப்பு வருகிறது, ஆனால் நாளைக்கு அமாவாசை. அமாவாசைக்குத் தண்ணீர் நன்றாக வற்றும், பாறையெல்லாம் கைக்கு எட்டும், பாசி எடுக்க இதைவிட நல்ல நாள் கிடையாது, நாளைக்கு இந்த வள்ளம் கிளம்பாவிட்டால் மாரிக்கண்ணு அக்கா பழையபடி அருளப்பன் படகில் ஏறிவிடும். எங்கள் ஐந்து பேரில் மூத்தது அது. அது ஏறினால் மேலத்தெரு அக்காள் தங்கச்சி இரண்டு பேரும் பின்னாலேயே ஏறிவிடுவார்கள். அப்புறம் நானும் கித்தேரியும் இந்த வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கருவாடு காயப்போட வேண்டியதுதான்.

சரி, முதலில் எது. இதையே நாலு நாளாக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வள்ளம் கரைக்கு வந்த அன்றைக்கே ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் எஞ்சினுக்கு அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற காத்தாடியை மாற்று என்றார், ஒருத்தர் பெயிண்ட் அடி, பெயரை எழுது, பெயர் இல்லாத வள்ளம் பிள்ளைப்பூச்சி மாதிரி இருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் நம்புவேல் விசைப்படகில் வேலை பார்க்கிற ஆள், பெரிய எஞ்சினைப் பார்த்த கண், இதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இது எஞ்சினா, இல்ல நம்ம வீட்டு மிக்ஸியா?" என்றார். மிக்ஸி என்றால் எனக்கு ஓட்டத் தெரியும், கவலைப்படாதீர்கள் என்றேன். ஆனால் நாங்கள் முதலில் செய்தது இவர்கள் யாரும் சொல்லாத வேலை. பக்கவாட்டில் கயிற்றில் படி கட்டினோம். மூன்று கட்டை, நல்ல தடித்த கயிறு, தண்ணீருக்குள் இரண்டு முழம் இறங்குகிற மாதிரி. கரையே கூடிச் சிரித்தது, ஓட்டை வள்ளத்துக்கு மாடிப்படி வைக்கிறாளுக என்று. சிரிக்கட்டும். அவர்கள் யாராவது நாள் முழுக்க முக்குளித்துவிட்டு, ஈரச் சேலையும் மேலே போட்ட சட்டையும் உடம்போடு இழுக்க, பாறை கிழிக்காமலிருக்கக் காலில் கட்டின தகரத்தோடு, சாக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒரு படகின் விளிம்பில் தொற்றி ஏறிப் பார்த்திருக்கிறார்களா? அருளப்பன் படகில் முதலில் ஏறுகிறவள் பாடுதான் பாடு. வயிறு விளிம்பில் தேய்ந்து தேய்ந்து, எனக்கு இங்கே தோல் தடித்துக் காய்த்துப்போய் இருக்கிறது, கை வைத்தால் தெரியும். ஏறினவள் அடுத்தவளைக் கையைப் பிடித்துத் தூக்குவாள், பிடி கிடைக்காவிட்டால் கொண்டையைப் பிடித்து. மாரிக்கண்ணு அக்கா கொண்டை ஒரு தடவை என் கையோடு வந்துவிட்டது, சவுரிமுடி, அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அருளப்பன் படகில் படி கட்டச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டாயிற்று. கேட்டால் ஆகட்டும் என்பான், ஆகாது. அதனால்தான் படி முதலில். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் இரண்டாவது எது என்பதில்.

வள்ளத்து ஒழுக்கை இரண்டாவதாக வைத்தேன். அதற்கு நான் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன், சொன்னால் பெருமை பேசுகிறாள் என்பார்கள், பேசினால்தான் என்ன. கரையில் ஏற்றி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒரு டப்பா மஞ்சள்தூளைக் கொண்டுவந்து குடத்துத் தண்ணீரில் கரைத்து வள்ளத்துக்குள் ஊற்றினேன். வெளியே எங்கே மஞ்சள் கசிகிறதோ அங்கேதானே ஓட்டை. கித்தேரி மண்டி போட்டு வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தாள், நான் அணியத்தைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்புறம் நாங்கள் கொஞ்சமும் சந்தேகப்படாத ஒரு மூலையில், பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்த இடத்தில், மஞ்சள் சொட்டியது. அங்கேதான் புதுப் பெயிண்ட். விற்றவன் கெட்டிக்காரன், ஓட்டைக்குப் பவுடர் பூசிப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறான். சுரண்டி எடுத்துப் பசையும் பைபர் துணியும் வைத்து ஒட்டினோம். முக்கால்வாசி நின்றது. மீதிதான் இப்போது என் கணுக்காலில் இருக்கிறது. மீதிக்குச் சட்டியால் இறைத்தால் போதும், பொம்பளைகள் ஐந்து பேர் இருக்கிறோம், ஒருத்தி மாற்றி ஒருத்தி இறைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசலாம். மஞ்சள் கறை மட்டும் போகவே இல்லை. வள்ளம் இப்போது புதுப்பெண் மாதிரி இருக்கிறது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. வெயில் பட்டால் அந்த மஞ்சள் உள்ளே தண்ணீரில் ஆடுகிறது. என் கால்விரல்கள்கூட மஞ்சளாகத் தெரிகின்றன, வெட்டுக்காயம் எல்லாம் மறைந்து, யாரோ பணக்காரி வீட்டுக் கால் மாதிரி. ஐயோ, கால் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எஞ்சினைப் பார்க்காமல்.

எஞ்சின். இதற்குப் பெட்ரோலும் வேண்டும் மண்ணெண்ணெயும் வேண்டும். பெட்ரோல் கொடுத்து எழுப்ப வேண்டும், சூடு பிடித்ததும் இந்தச் சின்னக் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் கொஞ்சம் பெட்ரோல் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் எழுந்திருக்காது. என் மாமியார் இப்படித்தான், எழுந்ததும் ஒரு கவனிப்பு, படுக்கும்போது ஒரு கவனிப்பு, நடுவில் எது போட்டாலும் ஓடும். இதைச் சொல்லிக்கொடுத்தவன் விற்றவன்தான், அதுவும் ஒரு காலைப் பஸ் படியில் வைத்துக்கொண்டு. சோக் இது, கியர் இது, இந்தச் சிவப்புக் கயிற்றுக் கொக்கியை உருவினால் எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவுதான் அக்கா, சைக்கிள் ஓட்டுற மாதிரி. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் தண்ணீர் பீச்சுவதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. பவுடர் பூசின ஆள்தானே, சொல்வானா. காலையிலிருந்து அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. இத்தனை வேகமாகத் தண்ணீர் வெளியே வருகிறதென்றால் உள்ளே எத்தனை தண்ணீர் இருக்கும்? எஞ்சினுக்குள் நெருப்பு இருக்கிறது என்கிறார்கள், நெருப்பு இருக்கிற இடத்தில் இத்தனை தண்ணீர் எப்படி? நடுக்கடலில் இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும்? நான் என்ன சொல்வேன், மாரிக்கண்ணு அக்கா, கொஞ்சம் பொறு, நெருப்பும் தண்ணீரும் பேசிக்கொண்டிருக்கின்றன என்றா? விரலில் சுற்றுகிற துணியால் ஒரு கட்டுப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாசி எடுக்கிற எங்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். பாறை வெட்டினால் துணி, முள் குத்தினால் துணி. எஞ்சினுக்கும் ஒரு துணி. கை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன். தெரியாத மாட்டின் வாலைப் பிடிக்கக் கூடாது.

பயம் இல்லை என்று சொன்னால் பொய். தண்ணீருக்குள் எனக்குப் பயம் கிடையாது, கீழே போனால் நான் வேறு ஆள், சத்தமே இல்லாமல், பாறையும் நானும் என் மூச்சும். மேலே வந்ததும்தான் பயம், படகு இருக்கிறதா என்று பார்க்கிற அந்த ஒரு நொடி. தலையைத் தூக்குவேன், முக்குளிக்கிற கண்ணாடியில் தண்ணீர் வழியும், படகு எந்தப் பக்கம் என்று தெரியாது. போன வருசம் கித்தேரி அப்படித் தலையைத் தூக்கினபோது படகு இல்லை. காற்று எழும்பிவிட்டது, அருளப்பனுக்கு அவசரம், எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டான், அவனே ஏறியாச்சு என்றும் சொல்லிக்கொண்டான். நாங்கள் முன்னால் மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து கிடக்கிறோம், கித்தேரி அந்தப் பக்கம் இருப்பாள் என்று நான் நினைத்தேன், இந்தப் பக்கம் இருப்பாள் என்று அக்கா நினைத்தது. பாதி தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது. திருப்பச் சொல்லிக் கத்தினோம். அவன் கெட்டவன் இல்லை, திருப்பினான், முனகிக்கொண்டே திருப்பினான், டீசல் வீணாகிறது என்றான். கித்தேரி ஒரு பாறைமேல் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள், கழுத்து வரைக்கும் அலை வந்து வந்து போகிறது, மடியில் சாக்கு, சாக்கை விடவே இல்லை. எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினாள், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அன்றைக்கு அவள்தான் சிரித்தாள், நாங்கள்தான் அழுதோம். அந்த வாரமே வள்ளத்தைத் தேட ஆரம்பித்துவிட்டோம். ஆனால் இப்போது இந்தப் பலகையில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் உறைக்கிறது, நாளைக்கு எஞ்சின் நின்றுபோனால் எல்லாரையும் கடலில் தவிக்க விட்டது அருளப்பனாக இருக்காது, நானாக இருப்பேன். ஐந்து பேரில் நீதான் தைரியசாலி, நீ ஓட்டு என்றார்கள். தைரியசாலி என்று யாராவது சொன்னால் ஏதோ வேலை வாங்கப்போகிறார்கள் என்று அர்த்தம், இது ஏன் எனக்கு அப்போது தோன்றவில்லை.

"மதினி, சுரண்டியாச்சு. இன்னொருக்கா ஓட்டிப் பாப்பமா? அக்கா சாயங்காலம் பாக்க வாரேன்னு சொல்லிருக்கு." வரட்டும், வரட்டும். "நீ கரைப்பக்கமாத் தள்ளி நில்லு, காத்தாடிப் பக்கம் வந்துராத" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிறேன். ஒரு இழுப்பு, ஒன்றுமில்லை. இரண்டாவது, இருமுகிறது. நம்புநாயகி தாயே. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது, உடம்பெல்லாம் அதிர்கிறது, பலகை வழியாக முதுகெலும்பில் ஏறுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, இந்தச் சுகத்துக்குத்தான் ஆம்பளைகள் பின்பக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை போல. பெட்ரோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன், புகை வாசம் மூக்கில் ஏறுகிறது, நங்கூரக் கயிற்றைச் சுற்றி மெல்ல ஒரு வட்டம், இன்னொரு வட்டம். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, அடியில் பாசிக் கொத்துகள் தரையோடு ஆடுவது மேலிருந்தே தெரிகிறது. திரும்பிப் பார்த்தேன். ஒழுகவில்லை! பின்னால் அந்த ஓட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை, காய்ந்துபோய்க் கிடக்கிறது. துணிகூடக் கட்டாமல் தானாகவே ஆறிவிட்டது. "கித்தேரி! எஞ்சின் ஒழுக்கு நின்னுபோச்சுடி!" என்று கத்தினேன். அவள் தண்ணீரில் இரண்டு குதி குதித்தாள். தாயே, உனக்கு ஒரு மாவிளக்கு என்று வேண்டிக்கொண்டு, மூன்றாவது வட்டத்தில் பாதி போயிருப்பேன், எஞ்சினின் குரல் மாறுகிறது, தொண்டை கட்டினவன் பாடுவது போல, ரப்பர் கருகுகிற நாற்றம், ஒரு இழு இழுத்தது, நின்றுவிட்டது. அப்படியொரு அமைதி. கித்தேரி குதித்த அலை வந்து வள்ளத்தில் தட்டுவதுகூடக் கேட்கிறது. மூடியைத் தொட்டேன், சுட்டுவிட்டது, விரலை வாயில் வைத்துக்கொண்டேன், உப்பும் மண்ணெண்ணெயும். மாவிளக்கு வாபஸ்.

போச்சு. காலையில் எத்தனை நேரம் ஓடினது, ஒன்றும் ஆகவில்லையே, தொட்டுப் பார்த்தேனே, பச்சைப்பிள்ளை உடம்புபோல வெதுவெதுப்பாகத்தானே இருந்தது. அப்போது ஒழுகிக்கொண்டு இருந்தது. இப்போது ஒழுகவில்லை, அடுப்பாக இருக்கிறது. ஒழுகினபோது நன்றாக இருந்தது. நம்புத்தாய், இதைத் திரும்ப ஒரு தடவை சொல். ஒழுகினபோது நன்றாக இருந்தது. அப்படியென்றால் அது ஒழுக்கே இல்லையா? காய்ச்சல்காரனுக்கு வேர்த்தால் இறங்கிவிட்டது என்கிறோமே, வேர்க்காமல் கொதித்தால்தானே பயப்படுகிறோம். சரி, வெளியே வர வேண்டிய தண்ணீர் முதலில் எங்கேயோ உள்ளே போக வேண்டுமே. எங்கே? மேலே எல்லாம் மூடி, அப்படியென்றால் கீழே, தண்ணீருக்குள் நிற்கிற காலில். இத்தனை பேர் இந்த எஞ்சினுக்கு யோசனை சொன்னார்களே, மேலே நின்று மூடியைப் பார்த்துத்தானே சொன்னார்கள். சிவப்புக் கயிற்றுக் கொக்கியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், நானே மறந்துபோனாலும் அது கிளம்பக் கூடாது. கண்ணாடியைப் போட்டேன். "எங்க மதினி இறங்குறீக?" என்று கித்தேரி கேட்டாள். "வைத்தியம் பாக்க" என்றேன். இறங்கினேன், சத்தம் போய்விட்டது, நான் வேறு ஆளானேன். எஞ்சினின் கால் பச்சை வெளிச்சத்தில் நிற்கிறது, காத்தாடிக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னப் பிளவு, இதுதான் எஞ்சின் தண்ணீர் குடிக்கிற வாய், பிளவு முழுக்க, அடைத்துத் திணித்தது போல, மரிக்கொழுந்துப் பாசி! என்னடி நீ இங்கே! முப்பது வருசமாகப் பாறை இடுக்கில் உன்னைத் தேடித் தேடிப் பிடுங்குகிறேன், நீ என் எஞ்சினுக்குள் வந்து ஒளிந்துகொண்டு விளையாட்டுக் காட்டுகிறாயா? தண்ணீருக்குள் சிரிக்கக் கூடாது, மூக்கில் ஏறும், சிரித்தேன், ஏறியது. மேலே வந்து இருமிவிட்டு மறுபடி போனேன். இரண்டு விரல் போதும், அடித்தண்டு தெரிகிற இடத்தில் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும், அறுக்கக் கூடாது, அறுத்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும். இதை எனக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பக்கம் முடித்தேன், மறுபக்கம் முடித்தேன், நகத்தால் ஒவ்வொரு பல்லாக வழித்தேன், பழக்கதோசத்தில் பிடுங்கினதை மடியில் வேறு கட்டிக்கொண்டேன்.

எஞ்சின் ஆறுகிற வரைக்கும் பொறுத்தோம், அதற்குள் நானும் கித்தேரியும் மாற்றி மாற்றி வள்ளத்துத் தண்ணீரை இறைத்தோம். பெட்ரோலுக்கு மாற்றினேன், கொக்கியை மாட்டினேன், கயிற்றைப் பிடித்தேன், இதற்குமேல் என்னிடம் வைத்தியம் இல்லை. இழுத்தேன். பிடித்துக்கொண்டது. பின்னால் திரும்பவே பயமாக இருந்தது, திரும்பினேன், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் ஓட்டையிலிருந்து ஒரு எச்சில், ஒரு நூல், பிறகு சர்ர்ரென்று, வில் மாதிரி வளைந்து, அதைப் பார்க்க எட்டி நின்ற கித்தேரியின் மூஞ்சியிலேயே. "ஐயோ மதினி, ஒழுகுது, மறுபடியும் ஒழுகுது!" என்று கத்துகிறாள். "ஒழுகட்டும்டி, நல்லா ஒழுகட்டும், இது ஒழுகுனாத்தான் நாம உசுரோட வருவோம்" என்று நானும் கத்துகிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோசமாக இருக்கிறது, வெட்கமில்லாமல் சந்தோசமாக இருக்கிறது. கரையில் மாரிக்கண்ணு அக்கா நிற்கிறது. எப்போது வந்ததோ தெரியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, வள்ளம் இரண்டு வட்டம் சுற்றுகிற வரைக்கும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அக்கா வரும் என்று தோன்றுகிறது, வராது என்றும் தோன்றுகிறது. நான் எஞ்சினை அமர்த்தினேன். நிறுத்துவதற்கு முன்னால் பெட்ரோல் கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன், பெட்ரோலில்தான் ஓடிக்கொண்டிருந்தது, தப்பித்தேன். அக்கா முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி வந்து நின்றது. "ஏத்தா நம்புத்தாயி" என்றது. சொல்லுக்கா என்றேன். "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" மணியா? அருளப்பன் கூப்பிடுகிற நேரம்தான் எங்களுக்கு நேரம், அவன் வரச் சொன்னால் வருவோம், கரையில் காத்துக் கிடக்கச் சொன்னால் கிடப்போம், அவன் ஏறச் சொன்னால் ஏறுவோம். இதையெல்லாம் நாங்கள் முடிவு செய்ய வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, ஓட்டையைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் இத்தனை நாள் பேசியும். கித்தேரியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுக்கா" என்றேன், "ஒனக்கு எப்பத் தோதுப்படுமோ, அப்பக் கெளம்புவோம்." அக்கா என்னை நம்பாமல் பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது, தனக்குத்தானே ஏதோ கணக்குப் போட்டது. "அப்படின்னா" என்றது மெதுவாக, "பேத்திக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு வாரேன்."